கடலூரில் ஒரு கிலோ

எடை என்பது ஒரு பொருளைப் பூமி தன் பக்கம் இழுக்கும் இழுப்பின் அளவு. பொருள் அதேதான் என்றாலும் இடம் மாறினால் இழுப்பு மாறும். அதோடு எடையும் மாறும். கடலூர் முதுநகரில் வாங்கிய ஒரு கிலோ வெங்காயத்தை ஒரு தோல்கூட உரிக்காமல் டெல்லிக்குக் கொண்டுபோனால், அங்கே பூமி அதை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாக இழுக்கும். உதகமண்டலத்துக்கு ஏற்றினால் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு குறைவாக இழுக்கும். வாங்குபவருக்கோ விற்பவருக்கோ இதனால் நட்டம் எதுவும் இல்லை. ஆனால் இந்தச் சில்லறை வித்தியாசங்களைத் துருவித்தான் பூமியின் வடிவத்தையும் அதன் வயிற்றுக்குள் கிடக்கும் பாறைகளின் கனத்தையும் அறிஞர்கள் கண்டறிந்தார்கள். அந்தக் கதையில் கடலூருக்கும் ஓர் இடம் உண்டு.

பள்ளிப் பாடநூல் இரண்டு சொற்களைப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு பொருளில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பது நிறை. அது கிலோகிராமில் அளக்கப்படும். அந்தச் சரக்கைப் பூமி எவ்வளவு விசையுடன் இழுக்கிறது என்பது எடை; அது நியூட்டனில் அளக்கப்படும். பேச்சு வழக்கில் இப்படி ஒரு பாகப்பிரிவினை கிடையாது. பழைய தமிழில் தராசுக்கே நிறைகோல் என்று பெயர். கடைக்காரர் ‘நிறுத்து’க் கொடுப்பதும் அந்தச் சொல்லுக்கு உறவுதான். மக்கள் ஒன்றாகவே புழங்கிய இரு சொற்களை இயற்பியல் எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு வேலை கொடுத்துவிட்டது. மாணவர்கள் தடுமாறினால் அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ‘என் எடை அறுபது கிலோ’ என்பது வழக்கில் சரி, தேர்வில் தவறு. கடலூர்க்காரர் ஒருவர் அங்கே 587 நியூட்டன் என்று எழுத வேண்டும்.

இந்த வேறுபாட்டைத் தராசுகளே நன்றாகக் காட்டிவிடும். தட்டுத் தராசு இழுப்பை அளப்பதில்லை, ஒப்பிடுகிறது. ஒரு தட்டில் எடைக்கல், மறு தட்டில் கத்தரிக்காய். இரண்டையும் பூமி ஒரே விகிதத்தில் இழுப்பதால், இழுப்பு எங்கே கூடினாலும் குறைந்தாலும் முள் நடுவில்தான் நிற்கும். நிலாவில் கடை போட்டாலும் அது சரியாகவே நிறுக்கும். வில் தராசு அப்படியல்ல. கொக்கியில் மாட்டிய பொருள் சுருள்வில்லை எவ்வளவு இழுக்கிறதோ அதையே அது சொல்லும்; நிலாவில் ஒரு கிலோ மீன் அதில் சுமார் 165 கிராம்தான் காட்டும். இன்று எல்லாக் கடைகளுக்கும் வந்துவிட்ட எலக்ட்ரானிக் தராசு வில் தராசின் வம்சம். அதன் தட்டுக்கு அடியில் உள்ள உலோகக் கட்டை சுமையால் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது; அந்த வளைவை மின்சுற்று எண்ணாக மாற்றுகிறது.

டெல்லியில் சரிபார்த்த எலக்ட்ரானிக் தராசை அப்படியே சிதம்பரத்து நகைக்கடையில் கொண்டுவந்து வைத்தால், எட்டுக் கிராம் சவரனை அது 7.99 கிராம் என்று காட்டும். தங்கம் விற்கும் விலைக்கு இது கண்டும் காணாமல் விடக்கூடிய வித்தியாசம் இல்லை. தராசு இருக்கும் இடத்திலேயே முத்திரையிட்ட எடைக்கற்களை வைத்துச் சரிபார்த்துவிட்டால் பிழை போய்விடும். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி தராசுகளும் கற்களும் காலந்தோறும் முத்திரை பெற வேண்டும். தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. முத்திரை என்றதும் வியாபாரியின் நேர்மைதான் நினைவுக்கு வரும். ஊருக்கு ஊர் மாறும் ஈர்ப்பையும் அதே சோதனை சத்தமில்லாமல் சரிக்கட்டிவிடுகிறது.

நிறையுள்ள எல்லாப் பொருள்களும் ஒன்றையொன்று இழுக்கின்றன என்று 1687-இல் வெளியிட்ட நூலில் ஐசக் நியூட்டன் விதி வகுத்தார். நிறை கூடக்கூட இழுப்பு கூடும். இடைத்தூரம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கில் ஒன்றாகும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகும். மரத்திலிருந்து விழும் தேங்காயைப் பூமி இழுக்கும் அதே விசையால் தேங்காயும் பூமியை இழுக்கிறது. பூமியின் நிறை 6-க்குப் பின்னால் 24 சுழியங்கள் போட்ட கிலோ என்பதால் அது அசைந்ததாகத் தெரிவதில்லை. சிதம்பரம் பேருந்து நிலையத்தில் ஒரு மீட்டர் இடைவெளியில் நிற்கும் இருவர்கூட ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். அந்த இழுப்பு ஒரு நுண்மணல் துகளின் எடை அளவுதான்.

இவ்வளவு சன்னமான இழுப்பையும் ஆய்வகத்தில் அளக்கலாம் என்று ஹென்றி கேவண்டிஷ் 1798-இல் செய்து காட்டினார். ஈயக் குண்டுகளுக்கு இடையிலான இழுப்பை அளந்து, பூமி தன் பருமனுக்குச் சமமான நீரைப்போல் சுமார் ஐந்தரை மடங்கு கனமானது என்று கணக்கிட்டார். தரைமேல் கிடக்கும் பாறைகளோ நீரைப்போல் இரண்டரை, மூன்று மடங்குதான் கனம். பூமியின் உள்ளே இன்னும் கனமான ஏதோ இருக்கிறது என்பது தோண்டாமலே தெரிந்துவிட்டது.

கனமான பொருள் வேகமாக விழும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அது பிழை. முற்றிய தேங்காயும் அதில் கால் பங்கு கனமே உள்ள குரும்பையும் 15 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே நேரத்தில் விழுந்தால், காற்றின் தடையை மறந்துவிட்டுப் பார்க்கையில், ஒன்றேமுக்கால் நொடியில் இரண்டும் சேர்ந்தே தரையைத் தொடும். அப்போது வேகம் மணிக்கு 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல். தேங்காயைப் பூமி நான்கு மடங்கு விசையால் இழுக்கிறது என்பது உண்மை. ஆனால் அசைக்க வேண்டிய சரக்கும் அங்கே நான்கு மடங்கு.

இருந்த நிலையிலிருந்து மாற மறுக்கும் இந்தக் குணத்துக்கு நிலைமம் என்று பெயர். ஆனியிலும் மார்கழியிலும் சிதம்பரம் வீதிகளில் நடக்கும் தேரோட்டம் இதற்குப் பொருத்தமான காட்சி. தேரின் எடையைத் தாங்குவது தெரு. வடம் பிடிப்பவர்கள் யாரும் அதைத் தூக்குவதில்லை. அவர்கள் மல்லுக்கு நிற்பது உராய்வோடும் தேரின் நிறையோடும். உராய்வு எடையைப் பொறுத்தது. ஆகவே நிலாவில் தேர் இழுத்தால் உராய்வு ஆறில் ஒன்றாகக் குறைந்துவிடும். ஆனால் நிற்கும் தேரை நகர்த்த நிலைமத்தை வெல்வதற்கும், ஓடும் தேரை நிறுத்துவதற்கும் வேண்டிய முயற்சியில் கடுகளவும் குறையாது. முட்டுக்கட்டை போடுபவர் பாடு அங்கே இன்னும் மோசம். கட்டை தரையைக் கவ்வும் பிடிமானமும் ஆறில் ஒன்றுதானே இருக்கும்.

விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு நொடியும் எவ்வளவு கூடுகிறதோ அதுவே ஈர்ப்பு முடுக்கம். பாடநூல் அதை 9.8 என்று முடித்துவிடும். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் சர்வதேசச் சூத்திரம் தரும் மதிப்பு 9.782. நிலநடுக்கோட்டில் அது 9.780, துருவங்களில் 9.832. இதை அளக்க விழும் பொருளைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதில்லை. ஓர் ஊசல் போதும். சிறிய வீச்சில் ஆடும் ஊசலின் நேரத்தைத் தீர்மானிப்பவை நூலின் நீளமும் அந்த இடத்து ஈர்ப்பும் மட்டுமே. நுனியில் தொங்குவது இரும்பா பித்தளையா என்பது கணக்கில் வராது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகச் சரியாக ஒரு நொடி எடுத்துக்கொள்ளும் ஊசல் சிதம்பரத்தில் 99.1 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், துருவத்தில் 99.6.

லண்டனில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தைச் சிதம்பரத்தில் மாட்டினால் நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்கிவிடும். கடிகாரத்தில் பழுது எதுவும் இருக்காது. 1672-இல் தென் அமெரிக்காவின் கயென் நகருக்குப் போன பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே இதைத்தான் கண்டார். பாரிசில் ஒழுங்காக ஓடிய ஊசல் அங்கே நாளுக்கு இரண்டரை நிமிடம் தாமதித்தது. நிலநடுக்கோட்டுப் பக்கம் ஈர்ப்பு குறைவு, ஏனென்றால் பூமி சுழல்வதால் நடுவில் பருத்து மேலும் கீழும் தட்டையாகிவிட்டது என்று நியூட்டன் விளக்கம் சொன்னார். பிரான்சின் காசினி குடும்பத்தார் இதற்கு நேர்மாறாக, பூமி துருவங்களின் பக்கம் நீண்டிருக்கிறது என்றார்கள். பூமி பரங்கிக்காயா எலுமிச்சம்பழமா என்ற இந்தத் தகராறு, 1730-களில் லாப்லாந்துக்கும் பெருவுக்கும் போன பிரெஞ்சு அளவைக் குழுக்களால் பரங்கிக்காய்க்குச் சாதகமாகத் தீர்ந்தது. எவ்வளவு தட்டை என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது.

அந்தக் கேள்வியோடுதான் வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கடற்கரையோரம் தெற்கே இறங்கி, கடலூரை அடுத்த திருவந்திபுரத்தை எட்டினார். கெடிலக் கரையில் தேவநாத சுவாமி கோயிலால் பெயர்பெற்ற இந்த ஊர், அவருடைய அறிக்கையில் ‘டிரிவன்டிபோரம்’ என்று அடையாளம் தெரியாமல் கிடக்கிறது. உச்சிவானைக் கடக்கும் விண்மீன்களைப் பார்த்து, அந்த ஊரின் அட்சரேகை 11 பாகை 44 நிமிடம் 53 நொடி என்று கணித்தார். சென்னைக்கு வடக்கே இன்னோர் இடத்திலும் இதையே செய்தார். இரண்டு இடங்களுக்கும் இடைப்பட்ட தூரத்தை முக்கோணங்கள் தந்தன, கோணத்தை வானம் தந்தது. தூரத்தைக் கோணத்தால் வகுத்தபோது இந்த வட்டாரத்தில் ஒரு பாகைக்கு எத்தனை தூரம் என்பது கிடைத்தது: இன்றைய கணக்கில் சுமார் 110.6 கிலோமீட்டர். துருவத்தை ஒட்டி அது 111.7 கிலோமீட்டர். வளைவு தட்டையான இடத்தில் ஒரு பாகை திரும்ப அதிக தூரம் நடக்க வேண்டும் என்பதால், இந்த ஒரு கிலோமீட்டர் வித்தியாசத்திலேயே பூமியின் தட்டை வடிவம் அடங்கியிருக்கிறது. நடுப்பக்க ஆரம் துருவ ஆரத்தைவிட 21 கிலோமீட்டர் நீளம்.

1821-இல் சென்னை வானாய்வகத்தின் ஜான் கோல்டிங்காம் இதே செய்தியை ஊசலால் சரிபார்த்தார். நொடி ஊசலின் நீளம் லண்டனில் 39.14 அங்குலம் என்று ஏற்கெனவே அளந்திருந்தார்கள். சென்னையில் அது ஏறக்குறைய பத்தில் ஒரு அங்குலம் குறைந்தது.

நடுப்பக்கம் பருத்திருப்பது ஒரு காரணம்தான். இன்னொன்று சுழற்சி. பூமியோடு சேர்ந்து சிதம்பரம் மணிக்கு 1,640 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. ராட்டினத்தில் சுற்றுபவர் வெளிப்பக்கம் தள்ளப்படுவது போன்ற ஒரு விளைவு ஊர் முழுவதற்கும் இருக்கிறது. அது ஈர்ப்பில் ஒரு சிறு பங்கைத் தின்றுவிடுகிறது. பூமி சுழலாமல் நின்றால் இங்கே ஒரு கிலோவின் எடை மூன்று கிராமுக்கு மேல் கூடும்.

உயரத்தின் கணக்கைப் பார்க்க, வரைபடமே ஒரு நல்ல சோதனையை அமைத்துக் கொடுத்திருக்கிறது. சிதம்பரமும் உதகமண்டலமும் ஒரே அட்சரேகையில், 11 பாகை 24 நிமிடத்தில் இருக்கின்றன. எனவே வடிவத்தாலும் சுழற்சியாலும் வரும் வித்தியாசம் இந்த இரு ஊர்களுக்கும் இடையே இல்லை. மிஞ்சுவது சுமார் 2,240 மீட்டர் உயரம். பூமியின் மையத்திலிருந்து விலகியதால் மட்டும் கிலோவுக்கு 0.7 கிராம் குறைய வேண்டும். காலடியில் இருக்கும் மலையே ஓரளவு கீழ்நோக்கி இழுத்து இதில் ஒரு பகுதியை ஈடுகட்டுகிறது. முடிவில் நிற்பது அரை கிராம் அளவு.

மலை இழுக்கிறது என்றால், பக்கவாட்டிலும் இழுக்க வேண்டும் அல்லவா? இழுக்கத்தான் செய்கிறது. லாம்டனுக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் வட இந்தியா வரை அளந்தபோது, வானத்தை வைத்துக் கணித்த தூரமும் நிலத்தில் அளந்த தூரமும் ஒத்துப்போகவில்லை. இமயம் தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுத்திருக்க வேண்டும் என்று கல்கத்தாவில் இருந்த பாதிரியார் ஜான் பிராட் 1855-இல் கணக்குப் போட்டார். விடை புதுச் சிக்கலைக் கிளப்பியது: இமயத்தின் பருமனுக்குக் குண்டு இன்னும் அதிகமாகச் சாய்ந்திருக்க வேண்டும். மலைக்கு அடியில் கனம் குறைவான பாறை ஆழமாக இருப்பதே அதன் காரணம் என்று பிறகு தெளிவானது. கொத்தனார் கையில் நேராகத் தொங்கும் குண்டுகூட அந்த இடத்து ஈர்ப்பின் திசையைத்தான் காட்டுகிறது.

கடலில் ஈர்ப்பை அளப்பது இதைவிடத் தொல்லை. கடலூர்த் துறைமுகத்திலிருந்து கிளம்பிய படகில் வில் தராசைத் தொங்கவிட்டால், அலை படகைத் தூக்கும் கணத்தில் மீன் கனக்கும், படகு இறங்கும்போது இலேசாகும். லிப்ட் கிளம்பும்போது உடல் கனப்பதும் இதே காரணத்தால்தான். இந்த ஆட்டத்திலிருந்து தப்ப, டச்சு அறிவியலாளர் ஃபெலிக்ஸ் வெனிங் மைனெஸ் 1923 முதல் ஊசல் கருவிகளை நீர்மூழ்கிக் கப்பலில் ஏற்றி அலைகளுக்கு அடியில் போய் அளந்தார். இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு விசித்திரமாகக் குறைந்திருப்பது 1948-இல் அவர் வழியாகத் தெரியவந்தது.

பூமிக்கு வகுத்த சீரான வடிவத்தோடு ஒப்பிட்டால் அங்கே கடல் மட்டம் 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. அடியில் கனம் குறைவு. ஆகவே நீர் அங்கே குவியாமல் இழுப்பு அதிகமுள்ள பக்கங்களுக்குப் போய்விட்டது. உலகிலேயே ஆழமான ஈர்ப்புப் பள்ளம் இது. சோழமண்டலக் கரையும் அதன் சரிவிலேயே கிடக்கிறது. ஆனால் எந்த மீனவருக்கும் சரிவு தெரியாது, கப்பலும் உருண்டு இறங்காது. நீர்ப்பரப்பு ஒவ்வொரு புள்ளியிலும் ஈர்ப்புக்குச் செங்குத்தாக அமைவதால் அதுதான் அங்கே மட்டம். செயற்கைக்கோள் கருவிக்கு மட்டும் தெரியும். திருத்தம் போடாவிட்டால், கடலூர் வெள்ளிக் கடற்கரையில் நிற்பவரைக் கடல் மட்டத்துக்குப் பல பத்து மீட்டர் கீழே நிற்பதாக அது காட்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் டெபாஞ்சன் பால், அத்ரேயி கோஷ் ஆகியோர் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, ஆழத்திலிருந்து மேலெழுந்த சூடான, கனம் குறைந்த பாறைப்பொருளே பள்ளத்துக்குக் காரணம் என்கிறது.

நிலத்தடியில் எடை உயிர்ப் பிரச்சினையாகும் இடம் நெய்வேலி. பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு மேலே மண்ணும் மணற்பாறையும் பல பத்து மீட்டர் தடிமனில் கிடக்கின்றன. கீழே அழுத்தத்தில் அடைபட்ட நீர். அது சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ எடைக்குச் சமமான விசையால் மேல்நோக்கி முட்டுகிறது. மேல்மண்ணின் எடைதான் அதை மூடிபோல் அமுக்கிக்கொண்டிருந்தது. நிலக்கரிக்காக அந்த மூடியை அகற்றினால், சுரங்கத்தின் அடித்தளம் வெடித்து நீர் பீறிடும். ஆழ்துளைக் குழாய்களால் இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தபடியேதான் அங்கே வெட்டுகிறார்கள்.

பூமியைத் தவிர வேறு இழுப்புகளும் உண்டு. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டின் கால்வாய்களில் நாளுக்கு இரண்டு முறை ஓதம் ஏறி வற்றுவது நிலாவின் வேலை, சூரியனும் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக உதவுகிறது. நிலாவைப் பார்த்த பக்கத்துக் கடல் அதிகமாகவும் மறுபக்கத்துக் கடல் குறைவாகவும் இழுபடுவதால் இரண்டு பக்கமும் நீர் புடைக்கிறது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சூரியன், நிலா இரண்டும் ஒரே கோட்டில் சேர்வதால் ஓதம் உயரும். இந்த இழுப்பு வித்தியாசம் பூமி ஈர்ப்பில் சுமார் 90 லட்சத்தில் ஒரு பங்குதான். அறுபது கிலோ ஆளின் எடையில் 7 மில்லிகிராம். கடலுக்கு அது போதும்.

ஒரு பொருளின் ஒவ்வொரு துணுக்கையும் பூமி தனித்தனியே இழுத்தாலும், மொத்த எடையும் ஒரே புள்ளியில் செயல்படுவதாகக் கொள்ளலாம். அதுவே ஈர்ப்பு மையம். அங்கிருந்து விட்ட தூக்குக்குண்டு அடித்தளத்துக்குள் விழும்வரை பொருள் நிற்கும். வெளியே விழுந்தால் கவிழும். ஒற்றைக் காலில் ஆடும் நடராசர் திருமேனியை வார்த்த ஸ்தபதிகளுக்கு இது கைவந்த கணக்கு. தூக்கிய இடது பாதம் வெளியே நீளாமல் உடலைக் குறுக்கே கடந்து வலப்பக்கம் வருகிறது. முன் இடது கையும் அதே பக்கம் வீசுகிறது. இடப்பக்கத்துக் கனத்தில் ஒரு பங்கு இவ்வாறு ஊன்றிய வலக்காலின் மேல் வந்து சேர்கிறது. மிச்சத்தைப் பீடமும் திருவாசியும் பார்த்துக்கொள்கின்றன. 1981 முதல் சிதம்பரத்தில் மகா சிவராத்திரியை ஒட்டி நடக்கும் நாட்டியாஞ்சலியில் ஆடுபவர்களுக்கோ பீடம் இல்லை. ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பை ஊன்றிய காலின் பக்கம் நகர்த்தி, கணுக்காலின் நுட்பமான அசைவுகளால் அந்தக் குண்டை உள்ளங்கால் அகலத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜெனீவாவின் சேர்ன் ஆய்வகத்துக்கு இந்தியா அளித்த இரண்டு மீட்டர் உயர நடராசர் சிலை 2004 ஜூன் 18 அன்று திறந்துவைக்கப்பட்டது. அங்கே ஈர்ப்பு முடுக்கம் 9.806. இந்தியாவில் உருவான அந்த உலோகம், ஓர் அணுவும் கூடாமல், சிதம்பரத்தில் இருந்தால் எடை எவ்வளவோ அதைவிட நூறு கிலோவுக்கு 240 கிராம் வீதம் அங்கே கூடுதலாகக் கனக்கிறது.

நடராசரின் பெருவிரல் ஊன்றிய இடமே பூமியின் காந்த மையம், ஈர்ப்பு மையம் என்றொரு செய்தி கைபேசிகளில் ஆண்டுக்கணக்காகச் சுற்றுகிறது. காந்தமும் ஈர்ப்பும் வெவ்வேறு. காந்த நடுக்கோடு என்று ஒன்று உண்டு. அது புள்ளி அல்ல, உலகைச் சுற்றும் கோடு. அது தமிழகத்தின் தென்கோடிப் பக்கமாகக் கடக்கிறது, காலப்போக்கில் நகரவும் செய்கிறது. பூமியின் ஈர்ப்பு மையமோ தரைமேல் எங்கும் இல்லை. சிதம்பரத்திலிருந்து நேர் கீழே சுமார் 6,377 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. கடலூரிலிருந்தும், டெல்லியிலிருந்தும் அதே புள்ளிதான். அங்கே ஒரு தராசைக் கொண்டுபோக முடிந்தால், சுற்றியுள்ள பூமி எல்லாப் பக்கமும் சமமாக இழுக்கும். ஒரு கிலோ வெங்காயத்துக்கு வில் தராசு அங்கே சுழியம் காட்டும்.